ரெண்டு பேருக்கும் சொன்னேன்

பிள்ளை வேண்டாம் என்று தள்ளிப்போடப் போடுகிற டிப்போ ஊசியை நிறுத்திய கையோடு கரு தங்கிவிடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற மருந்து, உடம்பை விட்டுப் போக நாள் எடுக்கும். கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 10 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கர்ப்பப்பைக்கு ஒரு கெடுதலும் இல்லை, தாமதம் மட்டும்தான். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் ஊசி போட்டதில்லை.

அந்தப் பிள்ளைக்கும் சொன்னேன். கல்யாணமான புதிதில் தனியாகத்தான் கிளினிக்குக்கு வந்தாள். கடன் இருக்கிறது, ஒரே காம்பராவில், ஒரே அறையில், எல்லோரும் இருக்கிறோம், இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்றாள். "அவருக்குத் தெரியுமா?" என்றேன். "சொல்லிக்கிறேன் மிஸ்." ஊசி போடப் புருஷன் சம்மதம் தேவையில்லை, தேவைப்படவும் கூடாது.

ஊசியை நிறுத்தி வருடம் நெருங்கும்போது, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். மாமியார் இஸ்தோப்பிலேயே, வாசல் திண்ணையிலேயே, மறித்தார். பெட்டிக்குள் கிடந்த கிளினிக் கார்டு அவர் கையில், நாலாக மடித்த கோடு கிழிந்துபோய் இருந்தது.

"இப்படித் தள்ளிப்போகும்னு சொல்லித்தான் போட்டீங்களா மிஸ்?"

"ரெண்டு பேருக்கும் சொல்லித்தான் போட்டேன் அம்மா."

அப்போதுதான் மகன் பின்னால் நிற்பதைப் பார்த்தேன். அவன் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "ஆமாம்மா, நானுந்தான் இப்ப வேணாம்னேன்" என்றான்.

அவள் முன்பே சொல்லியிருந்தாளா, இல்லை அந்த நிமிடத்தில் அவன் விட்டுக்கொடுக்காமல் நின்றானா, எனக்குத் தெரியாது.

சொல்லவில்லை என்றிருந்தால் அந்த லயத்தில் இன்னொருத்தி ஊசிக்குக் கை நீட்டமாட்டாள். அவளிடம் சொன்னேன் என்றிருந்தால் முழுப் பழியும் அவள் தலையில். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாவின் சந்தேகம் சும்மா வந்ததில்லை. 1980களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இலங்கை அரசாங்கம் 500 ரூபாய் கொடுத்தது. கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது பெரிய காசு. நம்ம சனத்தைக் குறைக்கத்தான் வந்தாங்க என்று வயதானவர்கள் இன்னமும் சொல்கிறார்கள். அரைகுறையாகச் சொல்லியே நம்பிக்கை போன இடத்தில் நானும் நடக்காத ஒன்றைச் சொன்னேன். நல்லதற்குத்தான் சொன்னேன் என்றால், அந்தக் காலத்தில் வந்தவர்களும் அதைத்தானே சொல்லியிருப்பார்கள்?

அப்புறம் ஒரு நாள் கணவன் தனியாக வந்தான். ஒரு வருடம் முயன்றும் தங்காவிட்டால் இருவரையும் பார்க்க வேண்டும், ஆணுக்கு முதலில் விந்துப் பரிசோதனை, 2 முதல் 7 நாள் உறவில்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன். "எனக்கு எதுக்கு மிஸ்?" என்றான்.

"வேணாம்னு ரெண்டு பேருந்தானே முடிவெடுத்தீங்க. இப்ப வேணும்னா, பார்க்கிறதும் ரெண்டு பேரையுந்தான்."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவன் மறுபேச்சுப் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எந்த நாள் போக வேண்டும் என்று மட்டும் கேட்டான்.