தோற்றவன் பெயர் சொல்லும் ஆட்டம்

கடந்த ஆண்டு திருகோணமலைப் பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, வீதியோரக் கடையொன்றில் என் தம்பியின் மகனுக்கு ஒரு பை பிளாஸ்டிக் மல்யுத்த வீரர்களை வாங்கிக் கொடுத்தேன். விரல் நீளத்துக்கு மேல் இல்லாத எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஒரே உடல், ஒரே விதமாக விரித்த கைகள். முகமூடியின் நிறம் மட்டும் ஆளுக்காள் வேறு. வீடு வந்து சேரும் முன்பே அவன் சிவப்பு முகமூடிக்காரனை எடுத்து, கன்னத்து ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "மாமி, இவற்ற முகமூடியைக் கழட்டேலாதா?" என்று கேட்டான்.

"பொம்மைக்குக் கழட்டேலாது. ஆனா மெக்சிக்கோவில உண்மையான ஆக்களுக்குக் கழட்டலாம். அதை வைச்சுத்தான் அவை பெரிய சண்டையே பிடிக்கிறவை" என்றேன். அந்த ஒரு பதிலை விரித்துச் சொல்லப் போனதில்தான், இன்று ஞாயிறு பின்னேரங்களில் உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பிள்ளைகள் கூடி விளையாடும் மேசை விளையாட்டு ஒன்று உருவாகியிருக்கிறது. அதை எப்படி அமைத்தேன், எந்த இடத்தில் முதலில் பிழை விட்டேன் என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

லூச்சா லிப்ரே என்ற ஸ்பானியப் பெயருக்குக் கட்டற்ற சண்டை என்று பொருள். சல்வடோர் லுட்டெரோத் என்பவர் 1933 செப்டெம்பரில் மெக்சிக்கோ நகரில் தொடங்கிய நிறுவனமே அதை நாடறிந்த கலையாக வளர்த்தது. பெயர் மாறினாலும் அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது; 1956 இல் திறக்கப்பட்ட அரேனா மெக்சிக்கோ என்ற அதன் அரங்கில் 16,000 பேருக்கு மேல் அமரலாம். மூன்று சுற்றில் இரண்டை வென்றவரே வெற்றியாளர். ஒழுங்குக்குள் நின்று அழகாக மோதுபவர் டெக்னிக்கோ; நடுவரின் முதுகுக்குப் பின்னால் அடாவடி செய்பவர் ரூடோ. யார் வெல்வது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். அதனால் இதைப் பொய்ச் சண்டை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துரியோதனனை வீமன் வெல்வான் என்பது தெரிந்திருந்தும், விடிய விடியக் கூத்துப் பார்த்த மண்ணைச் சேர்ந்தவர்கள் நாங்கள். இதுவும் ஓர் ஆற்றுகைக் கலை. 2018 இல் மெக்சிக்கோ நகரம் இதைத் தன் பண்பாட்டு மரபுரிமையாக அறிவித்தது.

முகமூடி வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் கதை. 1934 அளவில் சைக்ளோன் மேக்கி என்ற அமெரிக்க வீரர், சப்பாத்துத் தைக்கும் அந்தோனியோ மார்ட்டினெஸ் என்பவரிடம் போய்த் தனக்கொரு முகமூடி வேண்டுமென்று கேட்டார். மார்ட்டினெஸ் முகத்தை அளந்து, ஆட்டுத்தோலில் துண்டுகளாக வெட்டித் தைத்து, பின்பக்கம் நாடா கோத்துக் கொடுத்தார். தலைக்கு ஒரு சப்பாத்துப் போல அமைந்த அந்த முகமூடியின் அமைப்பு, தோல் போய்த் துணி வந்த பிறகும் அடிப்படையில் மாறவில்லை. எல் முர்சியெலாகோ, அதாவது வௌவால் என்ற பெயரில் முகமூடியோடு தோன்றிய மெக்சிக்க வீரர், அரங்குக்குள் உயிருள்ள வௌவால்களை அவிழ்த்து விடுவாராம். இதைச் சொன்ன அன்று என் விறாந்தையில் இரண்டு பிள்ளைகளுக்கிடையே வௌவால் யாருக்கு என்று சண்டையே வந்துவிட்டது.

ஆனால் கலையின் உயிர் அலங்காரத்தில் இல்லை. எதிராளியின் முகமூடியைச் சண்டையின் நடுவில் பிடுங்கினால் பிடுங்கியவர் தகுதி இழப்பார். அவ்வளவு காவல் அதற்கு உண்டு. அதே முகமூடியை இருவரும் விரும்பிப் பந்தயம் வைக்கும் சண்டைகளும் உண்டு. முகமூடிக்கு முகமூடி, அல்லது முகமூடிக்குத் தலைமுடி. தோற்றவர் அரங்கின் நடுவில் நாடாவை அவிழ்த்து, முகத்தைக் காட்டி, தன் சொந்தப் பெயரையும் ஊரையும் எத்தனை வருடம் மல்யுத்தம் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முகமூடி வென்றவருக்குச் சொந்தமாகிவிடும். மரபுப்படி தோற்றவர் அதை மீண்டும் அணிவதில்லை.

எல் சாண்டோ இவர்களில் முதன்மையானவர். எங்கள் பக்கத்தில் பலசாலிகளின் பெயருக்கு முன்னால் வரும் சாண்டோ வேறு. அது ஓய்கன் சாண்டோ என்ற ஜெர்மானியப் பயில்வானின் பெயரிலிருந்து வந்தது. இந்தச் சாண்டோவுக்கோ புனிதர் என்று பொருள். ரொடொல்ஃபோ குஸ்மான் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1942 இல் வெள்ளி முகமூடியோடு மேடையேறினார். 1952 நவம்பரில் பிளாக் ஷடோ என்ற வீரரோடு முகமூடிக்கு முகமூடி மோதி வென்றார். அந்தத் தோல்வியின் வலி பிளாக் ஷடோவின் தோழரான புளூ டீமனைச் சாண்டோவின் நிரந்தர எதிரியாக்கியது. சித்திரக்கதைகளிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களிலும் வந்த சாண்டோ, ஒருமுறைகூட முகமூடியை இழக்கவில்லை. 1984 சனவரி இறுதியில் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் தானாகவே முகமூடியைச் சற்று உயர்த்தி முகத்தைக் காட்டினார். சில நாட்களில், பெப்ரவரி 5 அன்று மாரடைப்பால் இறந்தார். வெள்ளி முகமூடியோடுதான் அவரை அடக்கம் செய்தார்கள்.

பொம்மைகளுக்கு வருகிறேன். மெக்சிக்கோச் சந்தைகளில் விற்கும் மலிவான பிளாஸ்டிக் லூச்சடோர்கள், அதாவது லூச்சா வீரர்கள், நான் கோயிலடியில் வாங்கியவற்றைப் போலவே, ஒரே அச்சில் வார்க்கப்பட்டு முகமூடியில் மட்டும் வேறு வேறு வர்ணம் பூசப்பட்டவை. இதை மலிவு உற்பத்தியின் குறையாக நான் நினைக்கவில்லை. ஒரே உடலில் முகமூடியை மாற்றினால் இன்னொரு ஆள் பிறந்துவிடுகிறான் என்பது அந்தக் கலையின் விதியே ஆகையால், பொம்மை செய்தவர் அறிந்தோ அறியாமலோ அதற்கு உண்மையாக நடந்திருக்கிறார். ஆயிரம் முகமூடிகள் என்று பொருள்படும் மில் மாஸ்கரஸ் என்ற வீரர் நெற்றியில் M என்ற ஆங்கில எழுத்தை மட்டும் நிலையாக வைத்துக்கொண்டு முகமூடிகளை மாற்றிக்கொண்டே இருந்தார். 1971 இல் ஜப்பானில் மோதத் தொடங்கிய அவர் அங்கே பெரும் புகழ் பெற்றார்.

ஜப்பானில் முகமூடி மல்யுத்தம் சித்திரக்கதையாகி, சித்திரக்கதை மீண்டும் பொம்மையானது. 1979 இல் தொடங்கிய கின்னிக்குமான் கதையின் பாத்திரங்களை, பண்டாய் நிறுவனம் 1983 முதல் ஒற்றை நிற இறப்பர் உருவங்களாக நாணயம் போட்டு எடுக்கும் பெட்டிகளில் விற்றது. மொத்தம் 418 வகை. 1985 இல் மட்டெல் நிறுவனம் அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. வர்ணமே இல்லாத, சுண்டுவிரலளவு உருவங்களைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தார்கள். அந்தக் கதையின் நாயகன் எப்போதும் முகமூடி அணிந்திருப்பவன். அவன் முகம் பிறர் கண்ணில் பட்டால் உயிரை விட வேண்டும் என்பது அவன் குலச் சட்டம். கதை எழுதியவர்கள் மெக்சிக்கோவின் பந்தயத்தை அதன் எல்லைக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பொம்மையோ மறுபடியும் கழற்ற முடியாத இறப்பர். கோயிலடியில் என் மருமகன் சுரண்டிப் பார்த்த அதே இடம்.

ஆகவே உண்மையாகவே கழற்றக்கூடிய ஒன்று வேண்டும் என்று முடிவு செய்து தையல் மெஷினைத் திறந்தேன். தம்பியின் பழைய விளையாட்டு ஜேர்சித் துணி. நெற்றிச் சுற்றளவு, நாடியிலிருந்து உச்சி வரை நீளம், இரு கண்ணுக்கும் இடையிலான தூரம் என்று அளவெடுத்தேன். முதல் முகமூடி பிழையாகிப் போனது. கடதாசியில் கண்களைத் தட்டையாக வரைந்து அப்படியே வெட்டிவிட்டேன். போட்டுப் பார்த்தபோது மூக்கு துணியை முன்னால் இழுக்க, கண் ஓட்டைகள் இரண்டும் உள்ளே ஒதுங்கிப் பிள்ளைக்குப் பாதிதான் தெரிந்தது. இரண்டாவதில் மூக்குத்தண்டுக்கு மேலே சிறு மடிப்புத் தையல் போட்டு, கண் ஓட்டைகளைப் போட்டுப் பார்த்த பிறகே வெட்டினேன். பின்பக்கம் ஆறு துளை. அதில் ஒரு பழைய சப்பாத்து நாடா. மார்ட்டினெஸ் ஏன் நாடா கோத்தார் என்பது அப்போதுதான் கையில் விளங்கியது. இழுத்துக் கட்டினால் துணி கன்னத்தோடு ஒட்டி, தாடை அசையும்போது முகமூடியும் கூடவே அசைகிறது.

விளையாட்டு, தாள், பென்சில், லூடோப் பெட்டியிலிருந்த தாயக்கட்டைகள் ஆகியவற்றைக் கொண்டது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு லூச்சடோராகி, அவன் என்ன செய்கிறான் என்பதை வாயால் சொல்லி, கட்டையை உருட்டும். கதையை நடத்துபவரை வெளிநாட்டு ஆட்டப் புத்தகங்கள் பல பெயர்களால் அழைக்கின்றன. எங்கள் பிள்ளைகள் என்னை அண்ணாவியார் என்கிறார்கள். கூத்துப் பழக்குபவருக்குரிய அந்தப் பெயரைவிடப் பொருத்தமானது வேறு இருக்க முடியாது. பெயர்களும் பிடிகளும் எங்கள் ஊரிலிருந்தே வந்தன. கோட்டைக்குள்ளும் நகர வீதிகளிலும் திரியும் மான்களை நினைத்து ஒருத்தி புள்ளிமான் ஆனாள். என் மருமகன் திருக்கை என்ற ரூடோ. அரங்கைச் சுற்றிய கயிற்றின் உச்சியில் ஏறிப் பாய்ந்து விழுவது, கோணேசர் கோயிலடி மலைப் பிளவின் பெயரால், இராவணன் வெட்டு. எதிராளியை ஏழு முறை சுழற்றிவிட்டுச் சாய்ப்பது, ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ள இடத்தின் பெயரால், கன்னியா.

டெக்னிக்கோ இரண்டு கட்டைகளை உருட்டுவார். ரூடோ விரும்பினால் நடுவர் பாராத நேரம் மூன்று உருட்டி, பெரிய இரண்டை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றில் எவையேனும் இரண்டு ஒரே எண்ணைக் காட்டினால் அகப்பட்டு அந்தச் சுற்றை இழப்பார். நான் கணிதம் படிப்பிப்பவள் ஆகையால் எண்ணிப் பார்த்தேன்: 216 வாய்ப்புகளில் 96 இல் அப்படி நேரும். அடாவடி செய்பவனுக்குக் கை நடுங்குவதற்கு அது போதுமான அளவு.

நான் பிழை விட்டது முகமூடி பற்றிய விதியில். முதலில் நான் எழுதிய விதி, முகமூடி அணிந்தவர் உருட்டும் எண்ணோடு 1 கூட்டிக்கொள்ளலாம் என்பது. ஒரு மாதம் விளையாடினோம். முகமூடி ஒரு மழைக்கோட்டுப் போல ஆகிவிட்டது. எல்லோரும் போட்டிருந்தார்கள், ஒருவருக்கும் அதைப் பற்றிய நினைப்பே இல்லை. 2015 இல் வெளிவந்த வேர்ல்ட் வைட் ரெஸ்லிங் என்ற மேசை விளையாட்டில் நடத்துபவர் வெற்றியாளரை முன்பே தீர்மானித்து வைத்திருப்பார். ஆடுபவர்கள் கட்டை உருட்டுவது பெரும்பாலும் பார்வையாளரின் மனத்தைப் பிடிப்பதற்கே. மிகவும் நுட்பமான யோசனை அது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முடிவு தெரியாமல் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. கூட்டல் விதியை எடுத்துவிட்டு, இரண்டு விதிகளை மட்டும் வைத்தேன். முதல் நாளே ஒவ்வொருவரும் தன் வீரனின் உண்மைப் பெயர், ஊர், தொழில், எத்தனை வருடமாக மல்யுத்தம் செய்கிறான் என்பவற்றை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டி என்னிடம் தர வேண்டும்; நானும் பார்க்கக் கூடாது. இருவர் சம்மதித்து ஒரு வாரம் முன்கூட்டியே அறிவித்தால் முகமூடியைப் பந்தயம் வைக்கலாம். தோற்றவர் தன் உறையைத் தானே கிழித்து எழுந்து நின்று வாசிக்க வேண்டும்.

கூத்தில் பாத்திரம் களரிக்கு வரும்போதே வரவுத் தருவில் தான் இன்னார் என்று பாடிவிடும். உள்ளே இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் சபைக்குத் தெரியும். லூச்சாவில் பெயர் கடைசியில், தோற்ற பிறகுதான் வருகிறது. இந்த வேறுபாட்டை நான் வாசித்து அறிந்திருந்தேன் என்றாலும், அதன் கனம் என்ன என்பதைத் திருக்கையும் புள்ளிமானும் மோதிய அன்றுதான் கண்டேன்.

முதல் சுற்று திருக்கைக்கு, இரண்டாவது புள்ளிமானுக்கு. மூன்றாவதில் மருமகன் நடுவர் பாராத மூன்றாவது கட்டையை எடுத்தான். கையில் வைத்து நெடுநேரம் குலுக்கினான். ஆறு, நான்கு, நான்கு. ஒருவரும் கத்தவில்லை. அவன் தலைக்குப் பின்னால் கைகளைக் கொண்டுபோய் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு இறுகியிருந்தது, உதவப் போன என் கையை விலக்கிவிட்டான். முகமூடி வந்தபோது வியர்வையில் நெற்றி மயிர் ஒட்டியிருந்தது. உறையைக் கிழித்து வாசித்தான்.

"பேர் சின்னராசா. ஊர் நிலாவெளி. சைக்கிள்ல ஐஸ்பழம் விக்கிறவர். பதினொரு வருசம்."

ஊரே நடுங்கிய ரூடோ பகலில் ஐஸ்பழம் விற்பவர் என்பதை இரண்டரை மாதமாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். வௌவாலாக ஆடும் சின்னவன்தான் முதலில் வாய் திறந்தான்: "அப்ப நாளைக்கு ஐஸ்பழம் கொண்டு போகேக்க சனம் என்ன செய்யும்?" மருமகன் சற்று யோசித்தான். "முதல்ல பயப்பிடும். பிறகு வாங்கும்."

புள்ளிமான் எழுந்து வந்து முகமூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் வேலிக்கு அப்பால் அவளுடைய அம்மாவைக் கண்டபோது, அது புத்தகப் பைக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குவதாகச் சொன்னார். தோய்த்துத் தரவா என்று கேட்டாராம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாளாம்.