மூன்றாம் கொத்தில் விழுந்த மாவு

மூன்றாவது தடவை கல்லைக் கொத்திய பிறகு, நேற்றுச் சாயங்காலம் திருகையிலிருந்து முதல் பிடி கேழ்வரகு மாவு விழுந்தது. மாவு என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், பாதி ரவை.

திருகையை நீர்ச்சக்கரத்தால் சுற்றவைக்க வேண்டும் என்று, இங்கிலாந்தில் தேம்ஸ் கரையில் மேப்பிள்டர்ஹாமில் இன்றும் மாவரைக்கிற பழைய நீராலையைப் பார்த்துவிட்டு வந்ததில் பிடித்த கிறுக்கு இது. அங்கே ஆறு ஓடுகிறது. காரைக்குடியில் எனக்கு வாய்த்தது மொட்டைமாடித் தொட்டி. இரண்டடிச் சக்கரத்தின் தலையில் விநாடிக்கு ஒரு லிட்டர் விழுந்தால் கணக்குக்கே 6 வாட். சக்கரமும் பல்சக்கரமும் தின்றது போகப் பாதி தேறினால் பெரிது. தலையில் ஊற்றும் சக்கரம் அடிநீரில் சுற்றுவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று 1759-லேயே ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் அளந்து காட்டிவிட்டதால், அதில் மட்டும் குழப்பமில்லை.

கல்தான் உயிரை வாங்கியது. நம் திருகையில் மேல்கல் அடிக்கல்மேல் உட்கார்ந்து சுற்றும். நீராலையில் அச்சின் நுனியில் தாங்கி நிற்கும்; நடுவில் இடைவெளி கொஞ்சம் கூடுதல், விளிம்புக்கு வர வரக் காகிதக் கனம். அச்சுக்கு அடியில் திருகாணி வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் உரசுகிறது, எதிர்ப்பக்கம் முழுத் தானியம் நழுவுகிறது. அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டது என் தப்பு. அவர் பாட்டுக்குக் கல் முழுக்கப் புள்ளி வைத்துவிட்டுப் போனார். மேடு மேடாகவே நின்றது.

அந்த ஊர் ஆலைக்காரர்கள் நேரான மரச்சட்டத்தில் காவி பூசிக் கல்லின்மேல் இழுப்பார்கள். சிவப்பு ஒட்டிய இடம் மேடு. காவிக்கு நமக்கா பஞ்சம்? மார்கழிக் கோலத்துக்கு வாங்கிய செங்காவி மிச்சம் இருந்தது. இழுத்தால் விளிம்போரம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு! அதை மட்டும் கொத்தி, துடைத்து, மறுபடி காவி. மூன்றாவது கொத்து ஒன்றிலேயே இப்படி 11 தடவை.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் திருகை வாங்குகிறவர்கள் நடுத்துளையைத் தடவிப் பாருங்கள். தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தால், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சக்கரத்துக்குப் போட்டது இடித்த வீட்டு ஜன்னலின் பர்மா தேக்கு. தண்ணீரில் ஒரு மாதம் கிடந்தும் முறுக்கவில்லை.

1000 லிட்டர் தொட்டி ஏறக்குறைய 17 நிமிடத்தில் காலி. "ஏண்டா தம்பி, மோட்டார் போட்டுத் தண்ணிய ஏத்தி, அதக் கீழ விட்டு அரைக்கிறதுக்கு, மோட்டாரையே திருகையில கட்டிருக்கலாமே?" என்றார் அப்பத்தா. பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஐப்பசி வரட்டும். எங்கள் வீட்டில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் நடுமுற்றமான வளவுக்குள்தான் கொட்டும். தகரக் கால்வாய்க்கு அளவெடுத்தாகிவிட்டது. தானியத்தைத் தட்டித் தட்டி உள்ளே விடும் குச்சியை இன்னும் செய்யவில்லை. அதுவரை கையால்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.