யோசிப்பது கேட்கக் கூடாதா?

"யோசிச்சேன் மேடம்" என்றான். அந்தக் குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கால் சென்டர் வேலைக்கு ஆள் எடுக்கும் ஜாம் ரவுண்டு, அதாவது கொடுத்த தலைப்பில் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசும் சுற்று முடிந்து, தேர்வாகாதவர்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். அவர்களில் ஒரு பையன் லிஃப்ட் பக்கத்தில் நின்று, எங்கே போச்சு என்று தேர்வு நடத்திய என்னிடம் கேட்டான். "நல்லாத்தான் பேசினீங்க, ஆனா நடுவுல நிறைய நிறுத்துறீங்கப்பா" என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில். நானும் உடனே சொன்னேன்: "யோசிக்கலாம்ப்பா. ஆனா யோசிக்கிறது லைன்ல இருக்கிறவங்களுக்குக் கேக்கக் கூடாது." சரி மேடம் என்று போய்விட்டான்.

இப்படிப் பேச்சைச் சோதிக்கும் வாய்ஸ் ரவுண்டு எடுக்கிற எவரும் தினமும் சொல்கிற வார்த்தைதான் இது. நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், யாரிடமும் உறுத்தியதில்லை. இவனிடம் சொன்னது மட்டும் உறுத்துகிறது. அதற்குக் காரணம் அவன் மட்டுமில்லை, பீட்டர் ஜோன்ஸ் என்ற பழைய ரேடியோ ஆட்டக்காரரும்தான்.

ஜாம் என்று நாம் சொல்வது பிபிசி ரேடியோ 4இல் 1967 டிசம்பரில் தொடங்கி இன்றும் ஓடுகிற 'ஜஸ்ட் எ மினிட்'டின் சுருக்கம். நான்கு பேர், ஒரு நடுவர், ஒரு தலைப்பு. தயங்காமல், சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், தலைப்பை விட்டு விலகாமல் அறுபது விநாடி பேச வேண்டும். இடறினால் மற்ற மூவரில் யாராவது மணியை அழுத்தித் தடுப்பார். தடுத்தது சரி என்றால் அவருக்குப் புள்ளியும் மிச்ச நேரமும். தவறு என்றால் பேசியவருக்கே புள்ளி. விசில் ஊதும்போது யார் பேசிக்கொண்டிருக்கிறாரோ அவருக்கு ஒன்று. நம் கல்லூரி விழாக்களுக்கு வந்தபோது இலக்கணப் பிழைக்கும் தடுக்கலாம் என்று விதிகள் பெருகின. அப்புறம் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. அங்கே மணியும் இல்லை, எதிராளியும் இல்லை. ஒரு பையன், ஒரு நிமிடம், என் கையில் ஒரு படிவம்.

நான் இந்த நிகழ்ச்சியின் பழைய ஒலிப்பதிவுகளைப் பல வருடமாகக் கேட்கிறேன். வேலைக்காகத்தான் தொடங்கினேன், பயிற்சி வகுப்பில் போட்டுக் காட்டலாம் என்று. பிறகு எனக்காகவே கேட்க ஆரம்பித்துவிட்டேன். எழுபது, எண்பதுகளின் நால்வரில் கென்னத் வில்லியம்ஸைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். சொல்ல எதுவும் கிடைக்காவிட்டால் கையிலிருக்கும் சொல்லையே இழுப்பார். ஓர் உயிரெழுத்தை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டு போவார். தொண்டையில் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது தயக்கம் ஆகாது. நடுவரோடு சண்டை பிடிப்பார், கிரேட் போர்ட்லண்ட் தெருவிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று பொங்குவார். அது பக்கத்தில்தான் என்பது அரங்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

கிளமென்ட் ஃப்ராய்ட் ஜெயிக்க வந்தவர். சலனமில்லாத குரலில் பட்டியல் போடுவார், காய்கறிப் பெயரோ ஊர்ப் பெயரோ. பட்டியலில் யோசிக்க வேண்டியது குறைவு, திரும்பச் சொல்லும் ஆபத்தும் குறைவு. நிமிடம் முடிய ஓரிரு விநாடி இருக்கும்போது மணியை அழுத்தி, அடுத்தவர் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்து சேர்த்ததை வாங்கிக்கொள்வார். விதிப்படி சரிதான். எனக்கு அது ஒருநாளும் ரசித்ததில்லை. டெரெக் நிம்மோ உலகம் சுற்றிய கதைகளை வழுக்கிக்கொண்டே சொல்வார். என் வகுப்பில் பையன்களுக்கு அவரைத்தான் பிடிக்கும். கேட்டு முடித்தால் எனக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பீட்டர் ஜோன்ஸ் வேறு. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்து 2000இல் இறக்கும்வரை இருந்தவர். ஒவ்வொரு வாக்கியத்தையும், இதை முடிக்க முடியுமா என்று தனக்கே சந்தேகம் இருப்பதைப் போலத் தொடங்குவார். ஒரு சொல்லை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். அந்த இடைவெளியில் அவர் யோசிப்பது அப்படியே காதில் விழும். பிறகு மெதுவாக வந்து விழும் வாக்கியத்துக்கு அரங்கமே சிரிக்கும். அவர் யோசிப்பதைக் கேட்கத்தான் நான் அந்த ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிறேன். அதே நான்தான் ஒரு பையனிடம் யோசிப்பது கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

தயக்கத்துக்குத் தண்டனை தரும் ஆட்டத்தில் அந்த மனிதர் எப்படி முப்பது வருடம் ஓட்டினார்? திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்குப் புரிந்தது இதுதான். அந்த ஆட்டத்தில் தயக்கம் தானாகக் குற்றமாவதில்லை. யாராவது மணியை அழுத்தினால்தான் குற்றம். ஜோன்ஸ் நின்றபோது மற்றவர்கள் பல தடவை கையை எடுத்துக்கொண்டார்கள், அடுத்து என்ன வரப்போகிறது என்று அவர்களுக்கும் கேட்க ஆசை. அப்படியே அழுத்தினாலும் நடுவர் நிக்கலஸ் பார்சன்ஸ் இருந்தார். சந்தேகத்தின் பலனை யாருக்காவது கொடுப்பதே அவருக்கு வேலை. சிறுவயதில் அவருக்குத் திக்குவாய். அப்படிப்பட்டவர் தொண்ணூறு வயது தாண்டியும், அரை நூற்றாண்டுக்கு மேல், அடுத்தவர் தயங்கினாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தீர்ப்புகளில் ஒரு மிருது இருப்பதாக எனக்குத் தோன்றும். என் கற்பனையாகவும் இருக்கலாம்.

என் அறையில் மணி அழுத்துவதும் நான்தான், தீர்ப்பும் நான்தான்.

ஆனால் என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அழைப்புகளை எடுக்கும் ஃப்ளோரில் டெட் ஏர், அதாவது லைனில் விழும் மௌனம், என்றால் என்னவென்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் ஏற்கெனவே எரிச்சலில்தான் அழைக்கிறார். சில விநாடி சத்தமில்லை என்றால் லைன் போய்விட்டதா என்று கத்துவார். அழைப்புகளைக் கேட்டு மார்க் போடும் குவாலிட்டியில் மார்க் போகும். இரண்டு மாதத்தில் அந்தப் பையனே, நான் ஏன் இதற்கு வந்தேன் என்று அழுதிருப்பான். அப்படி அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வகுப்பில், ஒரு நிமிடம் இருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்பது போன்ற வாக்கியங்களைக் கொடுத்து மௌனத்தை நிரப்பச் சொல்லித் தருகிறோம். அது வில்லியம்ஸ் இழுத்த உயிரெழுத்துதான், கொஞ்சம் மரியாதையாக. ஜோன்ஸுக்கு எதிரே சிரிக்கத் தயாராக ஓர் அரங்கம் உட்கார்ந்திருந்தது. இவனுக்கு எதிரே பில் தகராறோடு ஒருவர் இருப்பார். இரண்டும் ஒன்றில்லை.

இப்படிச் சொல்லிச் சமாதானம் ஆகும்போதெல்லாம் அவன் பேசியது நினைவுக்கு வருகிறது. தலைப்பு பேருந்துப் பயணம். மற்றவர்கள் எல்லாரும் ஜன்னலோர சீட், மழை, இயர்போன் என்று கடகடவென்று முடித்தார்கள். இவன் தன் ஊருக்குப் போகும் கடைசிப் பஸ்ஸைச் சொன்னான். பூ விற்கிற அம்மா காலிக் கூடையோடு ஓடி வருவார், அவர் ஏறும்வரை கண்டக்டர் விசில் கொடுக்க மாட்டார். இங்கே நின்றான். அப்புறம், ஒருநாள் அந்த அம்மா வரவில்லை, அன்றைக்கும் பஸ் அதே நேரம்தான் கிளம்பியது, கண்டக்டர் காத்திருந்தார் என்றான். ஆங்கிலத்தில் காலங்கள் கொஞ்சம் குழம்பின, எம்.டி.ஐ., அதாவது ஆங்கிலத்தில் தாய்மொழியின் சாயல், நன்றாகவே தெரிந்தது. ஆனால் அன்று எனக்கு நினைவிருக்கும் ஒரே பேச்சு அதுதான். படிவத்தில் சரளம் என்ற கட்டத்தில் நான் போட்ட எண், அவன் நின்ற இடங்களைக் கணக்கிட்டுப் போட்டது. அந்த எண் தப்பு என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பால் மெர்ட்டன் சேர்ந்த பிறகு நிகழ்ச்சி மாறியது என்பார்கள். சாதாரண விஷயத்தில் தொடங்கி, நம்ப முடியாத ஒரு கதைக்குள் சத்தமில்லாமல் போய்விடுவார் மனிதர். எனக்கு அவரிடம் பிடித்தது அதுவல்ல. அடுத்தவர் பேசும்போது கேட்பார். நல்ல கதை ஓடினால் தடுக்கமாட்டார், ஓடவிடுவார். ஷீலா ஹான்காக் தொடக்க காலத்திலிருந்தே ஆடியவர். பெண் ஆட்டக்காரர்களை ஆண்கள் கொஞ்சம் இளக்காரமாகவே நடத்திய அந்தப் பழைய பதிவுகளிலும் அவர் விட்டுக்கொடுக்காமல் பேசுவதைக் கேட்கலாம். இவர்களையெல்லாம் வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஜோன்ஸை மட்டும் போட்டதில்லை. பையன்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் மேலாளரிடம் ஒன்று கேட்டேன். படிவத்தில் தயக்கம் என்பதை இரண்டு கட்டமாகப் பிரிக்கலாமா? சொல் கிடைக்காமல் நின்றது ஒன்று, கிடைத்ததில் எதைச் சொல்லலாம் என்று நின்றது ஒன்று. ஒரு நிமிடத்தில் அதை எப்படிப் பிரிப்பீங்க, ஆளுக்கு ஆள் மாறாதா என்றார். ஜோன்ஸின் ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பினேன். கேட்டுவிட்டு, நல்லாருக்கு, ஆனா இவர் நம்ம ஃப்ளோர்ல ஒரு வாரம் தாங்கமாட்டார் என்றார். நான் மறுக்கவில்லை. கோரிக்கையைத் திரும்பப் பெறவும் இல்லை.