ஆர்.ஓ. கடைத் தம்பியின் கொப்பி

2022 மார்ச்சில் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன். போரால் ஊரே வெளியேறிய 1995 இடப்பெயர்வில் ஒன்பது வயதுப் பிள்ளையாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவள் நான். அதற்குப் பிறகு வன்னி, கொழும்பு, கனடா. வளர்ந்தது, படித்தது, வேலை பார்த்தது எல்லாம் ஸ்காபரோவில். "ஊருக்குத் திரும்பிவிட்டாள்" என்று சொந்தக்காரர் சந்தோசப்பட்டார்கள். எனக்கோ இது புது நாடாகத்தான் இருந்தது.

வந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பெற்றோல் வரிசை ஒழுங்கை முனை வரைக்கும் நீண்டது. சைக்கிள் ஒன்று வாங்கினேன். விதானையாரிடம் (கிராம அலுவலர்) எந்த நாள் போனால் கடிதம் கிடைக்கும், கடையில் "அண்ணை" என்று தொடங்கினால் எவ்வளவு சுலபமாகக் கதை ஓடும் என்பதெல்லாம் பழக ஆறு மாதமாவது எடுத்தது.

உரும்பிராயில் பெரியம்மாவோடு இருக்கிறேன். வீட்டுக்கு வருகிற எல்லாரும் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஒரே கேள்விக்கு வந்துவிடுவார்கள். "பிள்ளை, இனி என்ன செய்யப்போறாய்?" நான் நிலத்தடி நீர் படித்த பொறியியலாளர், இங்குள்ள கிணறுகளை மாதாமாதம் அளந்து பதிய வந்திருக்கிறேன் என்று சொன்னால் கொஞ்ச நேரம் யாரும் கதைக்கமாட்டார்கள். பிறகு ஆலோசனை வரும். கூல் பார் போடு, லொட்ஜ் கட்டு, கலியாண மண்டபம் கட்டு. சித்தப்பா ஒரு படி மேலே போய்க் கடதாசியில் கணக்கே போட்டுக் காட்டினார். தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் ஒரு ஆர்.ஓ. இயந்திரம், ஒரு ஓட்டோ, இருபது லீற்றர் கான்கள், வீடு வீடாகத் தண்ணீர். "உன்ர மூளைக்கு ரெண்டு வருசத்தில அஞ்சு கடை போடலாம். கிணத்துக்குள்ள எட்டிப் பாத்துக்கொண்டு திரிஞ்சால் ஆர் காசு தருவினம்?"

அவர் சொன்னதை நான் லேசாக எடுக்கவில்லை. கடை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

அப்பா யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பித்தவர். ரொறன்ரோவில் முதலில் கோப்பை கழுவினார், பிறகு தொழிற்சாலையில் இரவு வேலை, பிறகு ஒரு சின்னப் பலசரக்குக் கடை. முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கருவாடும் விற்றார். கடையில் ஆள் இல்லாத நேரம் பழைய பற்றுச்சீட்டுகளைத் திருப்பிவைத்து, பின்பக்கத்தில் தொகையீட்டுக் கணக்குகள் போடுவார். விடை வந்ததும் கீழே இரட்டைக் கோடு கீறுவார். அதற்குக் கீழேயே "வெங்காயம் 3 மூட்டை" என்று எழுதிவைப்பார். அந்தத் துண்டுகள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. முன்பக்கத்தில் இயந்திரம் அடித்த விலையெல்லாம் மங்கி மறைந்துவிட்டது. பின்பக்கத்தில் பேனையால் போட்ட கணக்கு அப்படியே இருக்கிறது.

அப்பாவின் திறமை வீணாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கடைதான் வீட்டுக் கடனைக் கட்டியது, என்னையும் தம்பியையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அதே நேரம், அவர் எழுத ஆசைப்பட்ட கணிதப் புத்தகம் கடைசிவரை எழுதப்படவில்லை. அந்த வருத்தத்தையும் நான் மறைக்கமாட்டேன்.

சரி, கிணற்றுக்கு வருகிறேன். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு, அது மாரியில் மட்டும் ஓடும். ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியில் உள்ள உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். அந்த ஒரு மீற்றரை அளவில்லாமல் இறைத்தால் உவர் அடியிலிருந்து மேலே ஏறும். அது மட்டும் என்றாலும் பரவாயில்லை. தோட்டத்துக்குப் போடும் யூரியாவும், வளவுக்குள்ளேயே இருக்கும் மலக்குழியும் அதே வெடிப்புகளால்தான் கிணற்றுக்கு வருகின்றன.

முதல் பரிசோதனையைப் பெரியம்மா வீட்டுக் கிணற்றில்தான் செய்தேன். வாளியில் அள்ளிய தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. யூரியாவாலும் மலக்குழியாலும் தண்ணீரில் சேரும் நைத்திரேற்றைப் பார்க்கும் பட்டையை ஒரு விநாடி நனைத்து எடுத்து, கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தோம். வெள்ளைச் சதுரம் மெல்ல ரோஸ் நிறமாகி, பிறகு கடும் ரோஸாக மாறியது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். பெட்டியில் அதற்குக் காட்டியிருந்த நிறத்தைவிட எங்கள் சதுரம் கடுமையாக இருந்தது. "நாங்கள் கொதிக்கவைச்சுத்தானே பிள்ளை குடிக்கிறம்" என்றார் பெரியம்மா. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகத்தான் ஆகும். புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விசயம். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துச் செவ்வரத்தை மரத்துக்கு ஊற்றினார். நாற்பது வருடம் குடித்த தண்ணீர்.

அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கும் ஆர்.ஓ. கான் வந்தது. கொண்டுவந்தவர் கடை முதலாளியே தான், கிளிநொச்சிப் பொறியியல் பீடத்தில் நல்ல சித்தியோடு வெளியேறிய பெடியன். தகப்பனுக்குச் சுகமில்லை, கீழே இரண்டு தங்கச்சிமார். அவரோடு படித்தவர்களில் பலர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் வீட்டு முன் அறையில் இயந்திரத்தைப் பூட்டி 2021 கடைசியில் கடையைத் தொடங்கியிருக்கிறார். ஒரு நாள் கானை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார், "அக்கா, நான் படிச்சதை வீணாக்கிறன் எண்டு நினைக்கிறீங்களோ?"

அப்போது உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன், அதை அவரிடமும் சொன்னேன். பெரிய வேலையை எடுப்பதா, சின்னத் தொழிலை எடுப்பதா என்பதை இங்கே எல்லாரும் மூளையை வைத்துப் பேசுகிறார்கள். தோற்றால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்பதைத்தான் பார்க்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். இந்தக் கிணற்று வேலை பத்து வருடத்தில் ஒன்றுமில்லாமல் போனாலும் நான் ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போய் வேலை தேடலாம். இப்போதும் இரவில் அங்குள்ள ஒரு கம்பனிக்குக் கணினியில் பகுதிநேர வேலை செய்துதான் இங்கே செலவைப் பார்க்கிறேன். அந்த வசதியை எனக்கு வாங்கித் தந்தது அப்பாவின் கடை. அந்தத் தம்பிக்கு அப்படி ஒரு கடையை இன்னும் யாரும் நடத்திக் கொடுக்கவில்லை. அவரே நடத்துகிறார். அவரைப் போய், "இவ்வளவு படித்துவிட்டுத் தண்ணீர் விற்கிறாயா?" என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் எங்களைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இரண்டு கடவுச்சீட்டும் நல்ல படிப்பும் சேமிப்பும் வைத்துக்கொண்டு ஊருக்கு வருகிற நாங்கள், இன்னொரு மண்டபத்தையும் இன்னொரு லொட்ஜையும் கட்டிவிட்டுப் போவது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவற்றை ஊரில் இருப்பவர்களே நன்றாகக் கட்டுவார்கள். பத்து வருடம் காசே வராமல் ஒரு வேலையோடு இருக்கக்கூடியவர்கள் நாங்கள்தான்.

பெரிய வேலை எவ்வளவு நாள் எடுக்கும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் ஒரு திட்டம் கொடுத்தார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடனீரேரிக்குக் கொண்டுவரும் மாரி வெள்ளத்தைத் தேக்கி, முள்ளியானில் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்கு எடுத்துவருவது. "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்பது அதன் பெயர். நீரேரிக்குள் கடல்நீர் வராமல் தடுக்கத் தொண்டைமானாற்றில் தடுப்பணை இருக்கிறது. திட்டம் முழுதாக இன்றுவரை நிறைவேறவில்லை. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் திறந்தார்கள். நல்ல விசயம், குழாயில் தண்ணீர் வரட்டும். ஆனால் நாங்கள் இருக்கும் வலிகாமப் பகுதியின் வெங்காயமும் புகையிலையும் இன்னும் கிணற்றைத்தான் நம்பியிருக்கின்றன.

என் வேலை அதிலே ஒரு சின்னத் துண்டு. மாதத்தில் ஒரு கிழமை, மாணவர்கள் இருவரோடு கிணறு கிணறாகப் போய் நீர்மட்டத்தையும் உவரையும் அளக்கிறோம். பெரிய குறை என்னவென்றால் மாதத்துக்கு ஓர் எண்தான் கையில் கிடைக்கிறது. மழை பெய்து எத்தனையாம் நாள் கிணறு மாறுகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சென்ற மார்கழியில் கான் இறக்க வந்த தம்பியிடம் இதைச் சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை வரும்போது ஓட்டோவின் சீற்றுக்கு அடியிலிருந்து மூன்று சீ.ஆர். கொப்பிகளை (தடித்த அட்டைக் கொப்பிகள்) எடுத்து நீட்டினார்.

கடை திறந்த நாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குத் தன் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அளக்கும் கருவியை வைத்து அளவை எழுதியிருக்கிறார். இயந்திரத்தில் உப்பை வடிகட்டும் மெம்பிரேனை எப்போது மாற்றுவது என்று அறியத் தொடங்கியது, பிறகு மழை பெய்த நாளுக்கு ஒரு புள்ளியும் போடத் தொடங்கியிருக்கிறார். புரட்டாதி வரை எண் ஏறிக்கொண்டே போகிறது. புள்ளிகள் நெருங்கியதும் சில நாள் அசையாமல் நிற்கிறது, பிறகு படபடவென்று இறங்குகிறது. மூன்று வருடமும் அப்படியே. விறாந்தையில் இருந்து பக்கம் பக்கமாகத் தொலைபேசியில் படம் எடுத்தேன். கை நடுங்கியது. இப்படி ஒரு பதிவு என்னிடம் வேறு எந்தக் கிணற்றுக்கும் இல்லை.

இரண்டாவது கொப்பியில் ஒரே ஒரு நாள் வெறுமையாக இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன்.

"அண்டைக்குத் தங்கச்சியின்ர கலியாணம், அக்கா. அந்த இடத்தில என்ன எழுதிறது எண்டு சொல்லுங்கோ."

"விட்டிருங்கோ தம்பி. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.