வாசலைப் பூட்டிய நாள்

“கேட்டைத் திறந்துவிடுங்க சார்” என்றுதான் அவர் கேட்டார். எங்கள் பட்டாசு ஆலையில் அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் அவர் என்னை ஒரு முறைகூட சார் என்று அழைத்ததில்லை. வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் தம்பி. உரசினால் தீப்பொறி எழுப்பக்கூடிய நைலான் சேலை உடுத்தி வந்தார் என்பதற்காக ஒரு நாள் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியபோதும், அன்றைய கூலி போன வருத்தத்தோடு ‘சரி தம்பி’ என்று சொல்லிவிட்டே போனவர். அன்று காலை, நான் பூட்டிய கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சார் என்றார்.

கிழக்கே ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆலையில் முதல் வெடிச் சத்தம் கேட்டபோது நான் திரி வைக்கும் அறைகளின் பக்கம் நின்றிருந்தேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைக்க வேண்டும், வெடிமருந்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும், எதையும் இழுக்கவோ தூக்கி எறியவோ கூடாது, காற்று வரும் திசையில் ஒதுங்கி நின்று தலை எண்ண வேண்டும். எண்ணினோம். பதிவேட்டில் 62 பேர், வேப்பமரத்தடியில் 62 பேர். அதுவரை நடந்தவற்றில் எனக்கு இன்றும் குறையேதும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் கூட்டம் கலைந்தது. புகை எழும்பிய ஆலை எது என்று தெரிந்ததும், அங்கே அண்ணன் வேலை செய்கிறான், மாமன் வேலை செய்கிறான் என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக்கொண்டு சாலையை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். காவலாளியிடமிருந்து பூட்டை வாங்கி, பெரிய கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்படிச் செய்யச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவிடவில்லை.

என் மனத்தில் அப்போது சிவகாசி அருகிலுள்ள முதலிப்பட்டிதான் இருந்தது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி அங்கே ஒரு பட்டாசு ஆலையில் பற்றிய தீயில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள் என்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர் என்பதைத்தான் நாங்கள் போதிய அளவு திரும்பத் திரும்பச் சொல்வதில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து ஆலைகளிலிருந்தும் ஊரிலிருந்தும் காப்பாற்ற ஓடியவர்கள், என்னவென்று பார்க்கப் போனவர்கள், அடுத்து வந்த பெரிய வெடிப்பில் சிக்கினார்கள். ஓடியவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அந்த நல்ல மனமே அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

ஓர் அறையில் பற்றிய தீ பெரும்பாலும் அந்த அறையோடு நிற்பதில்லை. எரிந்துகொண்டே பறக்கும் துண்டுகள் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. காயவைக்கும் மேடையில் மணிமணியாக உருட்டிய மருந்து காய்ந்துகொண்டிருக்கலாம், சரக்கு அறையில் முந்தைய வாரத்து வாணவேடிக்கை ரகங்கள் அடுக்கியிருக்கலாம். முதல் வெடி ஓய்ந்து, சத்தம் சடசடவென்று சிறுத்து, முடிந்துவிட்டது என்று தோன்றும் அந்தச் சில நிமிடங்களே மிகவும் ஆபத்தானவை. அலுமினியப் பொடி கலந்த மருந்து எரியும்போது நல்லெண்ணத்தோடு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்கூடத் தீ சீறும். எந்த அறையில் என்ன மருந்து, எவ்வளவு இருக்கிறது என்பது அந்த ஆலையின் போர்மேனுக்கு மட்டுமே தெரியும். பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும்போது தீயணைப்பு வண்டிகளே வெளியில் காத்து நிற்பதை நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். வெறுங்காலோடு ஓடும் ஒரு பெண் அங்கே என்ன செய்துவிட முடியும்?

இவ்வளவையும் நான் அவரிடம் சொல்லவில்லை. “இன்னொரு தடவ வெடிக்கும்க்கா” என்று மட்டும் சொன்னேன்.

“எம்மவன் அங்கதான் சார் இருக்கான். வெடிக்கட்டும்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றும் இல்லை, இத்தனை நாள் யோசித்த பிறகும் இல்லை. நான் சொன்னது அவருடைய உயிரைப் பற்றிய எச்சரிக்கை. தன் உயிரை அவர் அந்த ஒரு சொல்லில் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்த பின்பு, அவரைத் தடுத்து நிறுத்த எனக்கு என்ன உரிமை இருந்தது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அவரை விட்டால் மற்ற 61 பேரையும் விட வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணத்தில் நான் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் மறுத்தேனா, அல்லது ஒரு முறை மறுத்துவிட்டோமே என்பதற்காக மறுத்துக்கொண்டே நின்றேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், வேலை நேரத்தில் எந்த வழியும் அடைபட்டிருக்கக் கூடாது என்று ஒவ்வொரு மாதமும் வகுப்பெடுப்பவன் நான். அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற விதியை விளக்கும்போது, அது வெடித்தால் போகிற உயிர்களைக் குறைப்பதற்காகப் போட்ட கணக்கு என்று ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பவன். அப்படிப்பட்ட நானே 62 பேரை உள்ளே வைத்து, இருந்த ஒரே பெரிய வழியைப் பூட்டினேன். எங்கள் மேடையிலும் அன்று மருந்து காய்ந்துகொண்டிருந்தது. காற்று திரும்பியிருந்தாலோ, ஒரு துண்டு பறந்து வந்து விழுந்திருந்தாலோ, அந்தக் கேட்டருகே நெரிசலில் என்ன நடந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே அஞ்சுகிறேன். காற்று திரும்பவில்லை. சாவி என் பையில்தானே இருந்தது, திறக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பதறிய கையால் பூட்டைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்பதை, நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு உண்மையில் அதைத் திறந்தபோது தெரிந்துகொண்டேன். சாவி இரண்டு முறை கீழே விழுந்தது.

பெரிய இரண்டாவது வெடிப்பு அன்று நிகழவில்லை. சிறு சிறு சத்தங்களோடு ஓய்ந்துவிட்டது. வேறோர் ஆலையிலிருந்து ஓடிய இரண்டு இளைஞர்கள் உள்ளே புகுந்து மூன்று பேரை வெளியே தூக்கி வந்தார்கள். தூக்கி வந்த மூவரில் ஒருவன் அந்த அக்காவின் மகன். லோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவனுக்கு நினைவு இருந்ததாகச் சொன்னார்கள். கேட் திறந்து இவர் போய்ச் சேர்வதற்குள் அவனை மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். மதுரையில் அவர் பார்த்தபோது அவனுக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் இறந்தான்.

அந்த இரண்டு இளைஞர்களைப் பற்றி நான் என்ன நினைக்க வேண்டும்? அவர்கள் செய்ததைச் செய்யக் கூடாது என்றுதான் நான் பாடம் நடத்துகிறேன், இனியும் நடத்துவேன். அவர்கள் தூக்கி வந்தவர்களில் ஒருவர் இன்று உயிரோடு இருக்கிறார், டீக்கடையில் அவரைப் பார்க்கிறேன். அன்று மருந்து வேறு மாதிரி இருந்திருந்தால் அந்த இரண்டு பேரின் பெயர்களும் பட்டியலில் சேர்ந்திருக்கும். இரண்டுமே உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்க என்னால் முடியவில்லை.

விபத்துக்குக் காரணம் வழக்கம்போல மருந்து உராய்வு என்று செய்தியில் வந்தது. உராய்வு என்ற சொல் பொய் அல்ல. ஆனால் அது யாரையும் சுட்டுவதில்லை. யார் எவ்வளவு மருந்தை ஒரே அறையில் குவிக்கச் சொன்னார்கள், துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்காகக் கை ஏன் அத்தனை வேகமாக ஓடியது, எதையும் அந்தச் சொல் கேட்பதில்லை. எங்கள் பதிவேட்டில் நான் எழுதிய வரியும் அதே வகையைச் சேர்ந்ததுதான். “அனைத்துப் பணியாளர்களும் ஆலை வளாகத்தினுள் பாதுகாப்பாக நிறுத்திவைக்கப்பட்டனர்.” யார் நிறுத்தினார், எதைக் கொண்டு நிறுத்தினார் என்பது அதில் இல்லை. முதலாளி அதைப் படித்துவிட்டு என்னைப் பாராட்டினார். பூட்டைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

இவ்வளவு காலமும் கேட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். திறந்திருக்க வேண்டுமா, கூடாதா என்ற இடத்திலேயே மனம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைவிட எளிதாக நான் செய்திருக்கக்கூடிய ஒன்று இருந்தது என்பது மிகவும் பிந்தித்தான் எனக்குப் படத் தொடங்கியது.

காவலாளி அறையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. காலையில் உள்ளே வரும் எல்லோரும் கைப்பேசியை அணைத்து, பின்புறம் ஒட்டிய எண்ணைப் பார்த்து பெட்டியின் அந்தந்தத் தடுப்புக்குள் வைத்துவிட்டுப் போக வேண்டும். பாதிப் பேர் அணைப்பதில்லை. அன்று அந்தப் பெட்டி முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்தது. பக்திப் பாட்டு, குழந்தையின் சிரிப்பு, சினிமாப் பாட்டு என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. அதிர்வில் கைப்பேசிகள் மரத்தில் மோதும் சத்தம் தனியாக. நான் அதிலிருந்து ஐந்தடி தூரத்தில் நின்றேன். ஆலைக்குள் கைப்பேசி கூடாது என்ற விதி மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்ததால், அவர்கள் அப்போது மருந்துக்கு வெகு தூரத்தில், கேட்டருகில் நிற்கிறார்கள் என்பதையும், ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து சாலைப் பக்கமாக நின்று பேசச் சொல்வதால் எந்த ஆபத்தும் வந்துவிடாது என்பதையும் நான் நினைக்கவே இல்லை. ஒலி எரிச்சலாக இருந்தது என்பதுதான் என் நினைவில் இருக்கிறது. காவலாளியிடம் அந்த அறைக் கதவைச் சாத்தச் சொன்னேன்.

அந்த அக்காவின் கைப்பேசியில், தெரியாத ஓர் எண்ணிலிருந்து நான்கு தவறிய அழைப்புகள் இருந்தன. மாலையில் காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகனைத் தூக்கிப்போன இளைஞர்களில் ஒருவனுடைய எண் என்று பின்னர் கேள்விப்பட்டேன். எண்ணைச் சொன்னது மகனாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. இதற்கு மேல் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று பல முறை நினைத்து, கேட்காமலே விட்டுவிட்டேன்.

அதன் பிறகு எங்கள் ஆலையில் சிலவற்றை மாற்றினோம். யாருடைய உறவினர் எந்த ஆலையில் இருக்கிறார் என்பது இப்போது பதிவேட்டில் இருக்கிறது. சுற்றியுள்ள ஐந்து ஆலைகளின் போர்மேன்களின் எண்கள் காவலாளி அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கின்றன. தலை எண்ணி முடித்ததும், கேட்டருகே கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பூட்டு இப்போது கேட்டில் தொங்குவதில்லை. வேலை நேரத்தில் இரண்டு ஆட்கள் நிற்கிறார்கள். நாளைக்கே பக்கத்தில் வெடித்து, கூட்டம் ஓடத் தொடங்கி, அந்த இரண்டு பேரால் தடுக்க முடியாமல் போனால், நான் மறுபடியும் பூட்டைத் தேடமாட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. தேடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான்கு மாதம் கழித்து அந்த அக்கா வேலைக்குத் திரும்பினார். மருந்துப் பக்கம் வேண்டாம், காகிதக் குழாய் உருட்டுகிறேன் என்று கேட்டார், கொடுத்தேன். என்னிடம் கோபமாகப் பேசியதில்லை. தேவைக்கு மேல் பேசுவதும் இல்லை. இப்போதும் சார் என்றுதான் அழைக்கிறார்.

காலையில் பெட்டியில் கைப்பேசியை வைக்கும்போது அவர் அதை அணைப்பதில்லை. மற்றவர்கள் அணைக்காமல் வைத்தால் நான் கூப்பிட்டுச் சொல்கிறேன். அவரிடம் மட்டும் சொல்வதில்லை. அவர் வைத்துவிட்டுப் போன பிறகு, ஒலி கூட்டி வைத்திருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கிறேன்.