மெழுகு போகாமல் கார் கழுவ

பாத்திரம் கழுவும் திரவம் காருக்கு வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்த சரக்கு அது. பெயின்ட் மேலிருக்கும் மெழுகையும் சேர்த்து அரிக்கும். பிஎச் 7-ஐ ஒட்டிய, அதாவது அமிலமோ காரமோ தூக்கலாக இல்லாத, கார் ஷாம்பு வாங்குங்கள். பாட்டிலில் சொன்ன அளவே போதும்.

பானெட் தொட்டால் சுடுகிறதா? நிழலில் ஆறவிடுங்கள். சூட்டில் நுரை காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும்.

முதலில் வெறும் தண்ணீர், தாராளமாக. மண் இறங்காமல் துணி வைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். பிறகு 2 வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் நல்ல தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். இந்த ஒன்றைத்தான் பலரும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், அழுத்த வேண்டாம். சக்கரங்களுக்குத் தனி வாளி, தனித் துணி. பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கும், கீறிவிடும்.

காய்ந்த பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணி போட்டு 5 நிமிடம் ஊறவிட்டு எடுங்கள்.

தானாக உலரவிட்டால் உப்புத்தடம் விழும். தடித்த மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள். நன்றாக அலசிய பிறகும் தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் பரவினால், மெழுகு தேய்ந்திருக்கலாம், மறுபூச்சுக்குத் தயாராகுங்கள்.