ஒரே ஒரு பிரதி: தெரேசினில் ஒரு நாள்

ப்ராக் நகரின் ஹோலெஷோவிட்சே ரயில் நிலையத்துக்கு வெளியே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தெரேசின். வயல்கள், நடுவில் ஓரிரு சின்ன ஊர்கள், அப்புறம் திடீரென்று செங்கல் மதில்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டாம் ஜோசஃப் மன்னர் கட்டி, தன் தாய் மரியா தெரேசாவின் பெயரை வைத்த கோட்டை நகரம் இது. உள்ளே நேர்நேரான தெருக்கள். மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டு ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஏனோ கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

1941 நவம்பரில் நாஜிகள் இந்த ஊரை யூதர்களை அடைத்துவைக்கும் கெட்டோவாக மாற்றினார்கள். போருக்கு முன் ராணுவத்தினரையும் சேர்த்து ஏழாயிரம் பேர் வாழ்ந்த இடத்தில் 1942 செப்டம்பரில் சுமார் 58,000 பேர். பசியிலும் நோயிலும் இங்கேயே இறந்தவர்கள் ஏறத்தாழ 33,000. இங்கிருந்து ஆஷ்விட்ஸ் என்ற நாஜி மரண முகாமுக்கும் மற்ற முகாம்களுக்கும் ரயிலில் அனுப்பப்பட்டவர்கள் 80,000க்கும் மேல்.

நான் வந்தது ஒருவரைத் தேடி: ராஃபேல் ஷெக்டர். ருமேனியாவில் பிறந்து ப்ராகில் இசை படித்த இசை நடத்துநர். 1941 கடைசியில் இங்கே கொண்டுவரப்பட்டபோது அவருக்கு வயது 36.

மாக்டெபர்க் பாசறை இப்போது அருங்காட்சியகம். கைதிகள் தூங்கிய அறை ஒன்றை அப்படியே மறுபடி அமைத்திருக்கிறார்கள். மூன்றடுக்குக் கட்டில்கள், பெட்டிகள், ஆணியில் தொங்கும் துணிகள். இசைக்கான பகுதியில் கைதிகள் கையால் எழுதி வரைந்த நிகழ்ச்சிச் சுவரொட்டிகள். அந்த எழுத்துகளின் அழகைப் பார்க்க வேண்டும். காகிதமே கிடைக்காத இடத்தில், நாளைக்கு இருப்போமா என்று தெரியாத ஒருவர், ஒவ்வொரு எழுத்தையும் அவ்வளவு பொறுமையாகத் தீட்டியிருக்கிறார். குழந்தைகள் நடித்த ‘ப்ருண்டிபார்’ என்ற ஹான்ஸ் கிராஸாவின் ஓபரா (இசை நாடகம்) மட்டும் இங்கே 55 முறை அரங்கேறியது. ஒவ்வொரு ரயில் போன பிறகும் வேடங்களுக்குப் புதிய குழந்தைகள் தேவைப்பட்டார்கள்.

ஷெக்டர் எடுத்துக்கொண்டது இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘ரெக்வியம்’. இறந்தவர்களுக்காகப் பாடப்படும் கத்தோலிக்கத் திருப்பலியின் இசை. கெட்டோவின் யூதப் பெரியவர்கள் சிலருக்கே அது பிடிக்கவில்லை. நாம் எதற்கு லத்தீனில் இன்னொரு மதத்தின் பூசையைப் பாட வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஷெக்டர் விடவில்லை.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு இசைப்பிரதி. பகல் முழுக்கக் கட்டாய வேலை செய்து, அரை வயிற்றோடு வந்தவர்கள் சுமார் 150 பேர். ஈரம் கசியும் நிலவறையில், பழைய பியானோ ஒன்றைத் தட்டித் தட்டி, வரி வரியாக, குரல் குரலாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒன்றரை மணி நேர இசை முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். 1943இல் பாடினார்கள். பாடியவர்களை ரயில்கள் அள்ளிக்கொண்டு போயின. மறுபடி ஆள் சேர்த்தார், மறுபடி முதல் வரியிலிருந்து பாடம். அதையும் ரயில்கள் கலைத்தன. கடைசியில் எஞ்சியது சுமார் 60 குரல்கள்.

அந்தப் பாடலில் தீர்ப்பு நாளைப் பற்றிய பகுதி ஒன்று வரும். ஒளிந்திருப்பதெல்லாம் அன்று வெளியே வரும், தண்டனை பெறாமல் எதுவும் மிஞ்சாது என்பது அதன் பொருள். நாஜிகளிடம் பேச முடியாததை அவர்கள் முகத்துக்கு நேரே பாடுவோம் என்று ஷெக்டர் சொன்னதாக உயிர் பிழைத்த பாடகர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1944 ஜூன் 23 அன்று, இங்கே கைதிகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்க்க, செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் வந்தார்கள். கூட்டம் குறைவாகத் தெரிய வேண்டும் என்று அதற்கு முந்தைய மாதமே 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பியிருந்தார்கள். வீடுகளுக்கு வெள்ளையடித்து, சதுக்கத்தில் இசை மேடையும் கட்டியிருந்தார்கள். அந்த ஏமாற்று வேலைக்கு இசையையும் நாஜிகள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கோடையில் ‘ரெக்வியம்’ கடைசி முறையாக ஒலித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த நாஜி அதிகாரிகளின் எதிரில் நின்று அந்த 60 பேர் பாடியது அவர்களுக்கான தீர்ப்பை. இதை வெறும் ஆறுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிர்த்து நின்றார்கள் என்றுதான் சொல்வேன்.

மாலையில் ஊரின் தெற்கு ஓரத்துக்கு நடந்தேன். பக்கத்து ஊரான போஹுஷோவிட்சேயிலிருந்து கைதிகளை வைத்தே போடவைத்த ரயில் பாதை அங்கே இருக்கிறது. 1943 நடுவில் அது முடியும்வரை, வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு அந்தத் தூரத்தை நடந்தே கடந்தார்கள். இப்போது மிச்சமிருப்பது தெருவோரம் சிறிது நீளத் தண்டவாளம். இரும்பு செம்பழுப்பாகத் துருவேறி, நடுவில் புல் முளைத்திருக்கிறது. குனிந்து தொட்டேன். நாள் முழுக்க வெயில் பட்டு இன்னும் சூடாக இருந்தது.

1944 அக்டோபர் 16 அன்று இந்தப் பாதையில் போன ரயிலில் 1,500 பேர். ஷெக்டர், ஹான்ஸ் கிராஸா, விக்டர் உல்மன், பாவெல் ஹாஸ், கிடியோன் க்ளைன் என்று ஒரு நாட்டின் இசையே அந்த ஒரு வண்டியில் ஏறியது. உல்மனும் கிராஸாவும் ஹாஸும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். க்ளைன் இறந்தது 1945 ஜனவரியில். ஷெக்டர் இறந்தது போர் முடிவதற்குச் சற்று முன். கிளம்பும் முன் உல்மன் தன் கையெழுத்துப் பிரதிகளை நண்பர் ஒருவரிடம் விட்டுச் சென்றிருந்தார். இங்கே ஒத்திகையோடு நின்றுபோன அவருடைய ஓபரா 1975இல் ஆம்ஸ்டர்டாமில் மேடையேறியது.

கடைசி பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. காதில் இயர்போனை மாட்டி, தண்டவாளத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தத் தீர்ப்பு நாள் பகுதியை முதலிலிருந்து கேட்டேன்.